கதிர் அடி செல்வி

அம்மன் கோயில் வாசலில் பேனர் ஏறும்போது உச்சிவெயில். இளவட்டங்கள் இரண்டு பேர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஒருவன் மேலே நின்று கயிற்றை இழுத்துக் கட்டினான். முந்தின நாள் சாயங்காலம் அச்சான பிளெக்ஸ். மை வாடை இன்னும் போகவில்லை. கோயிலுக்குள்ளிருந்து வந்த சாம்பிராணிப் புகையும் அந்த மை வாடையும் ஒன்றாகச் சேர்ந்து மூக்கில் ஏறின.

வாசலில் பூக்கட்டும் பேச்சியம்மாள்தான் முதலில் வாய்விட்டுப் படித்தாள்.

"கதிர்... அடி... செல்வி."

கையிலிருந்த நாரை அப்படியே பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "ஏத்தா, அறுப்புக்கே இன்னும் நாள் கெடக்கு. அதுக்குள்ள கதிரடிக்கப் போறாகளாக்கும்?"

"கதிரடிக்க இல்ல ஆச்சி," என்றான் ஏணிக்காரன். "கதிரு, நீ போயி செல்விய அடின்னு போட்டிருக்கு."

தெருவே சிரித்தது. விளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்திருந்த நான் மட்டும் படியில் நின்றபடி சிரிக்க முடியாமல் முழித்தேன். அச்சடித்தது எங்கள் கடை. எழுத்துக் கோத்தது நான். செல்வி என் தங்கச்சி முத்துவின் மகள்.

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். அன்று காலையில்தான் செல்வி போன் பண்ணியிருந்தாள். "பெரியம்மா, சாயங்காலம் நான் மேடை ஏறல. அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க." காரணம் கேட்டேன். "கதிருகிட்ட கேளுங்க," என்று வைத்துவிட்டாள்.

அவள் பாடுவது முத்துவுக்குப் பிடிக்காது. கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு மேடைக்கு ஒத்துக்கொள்ள வைத்திருந்தோம். "நம்ம கோயில்ல, நம்ம சனத்துக்கு முன்னால பாடட்டும். நல்லதாச் சொன்னா பாத்துக்கிடலாம். இல்லேன்னா இந்தப் பாட்டோட முடிஞ்சது," என்று சொல்லியிருந்தாள் தங்கச்சி. இன்று செல்வி ஏறவில்லை என்றால் பிறகு எப்போதும் ஏறப் போவதில்லை.

எல்லாம் தமிழில்

இராஜபாளையத்தில் எங்களுடையது ஒரு சின்ன பிளெக்ஸ் கடை என்று இந்தப் பத்திரிகைப் பகுதியில் முன்பே எழுதியிருக்கிறேன். மெஷினை வீட்டுக்காரர் பார்ப்பார். தமிழ் எழுத்தெல்லாம் என் பொறுப்பு. பத்தாவதோடு என் படிப்பு நின்றது. ஆனாலும் எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று கேட்டு மற்ற கடைக்காரர்கள்கூட எனக்குப் போன் செய்வார்கள்.

காலையில் கடைக்குள் விளக்கேற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுவேன். எந்த பேனராக இருந்தாலும் மூலையில் ஒரு 'உ' போட்டுவிட்டுத்தான் ஆரம்பம். மெஷினுக்கு அனுப்பும் முன் அதை அழித்துவிட வேண்டும். ஒருமுறை அழிக்க மறந்து, ஒரு கிறிஸ்தவ வீட்டுக் கல்யாண பேனரில் பிள்ளையார் சுழியும் சேர்ந்து அச்சாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா வந்து பார்த்தார். "இருக்கட்டும்மா, உ-ன்னா உங்க வாழ்த்துன்னு வச்சுக்கிடுதோம்," என்று சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

எங்கள் கடையில் அதிகமாகப் புழங்கும் சொல் அடிதான். எட்டுக்கு ஆறு அடி, பத்துக்கு எட்டு அடி. வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களில் அதை 'ft' என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள். வருஷக்கணக்காகப் பார்க்கிற எழுத்து. கண் அதைத் தானாகவே அடி என்று படித்துக்கொள்ளும்.

கோயில் பொங்கலுக்கான பேனர் ஆர்டரைக் கதிர்தான் அனுப்பியிருந்தான். கதிர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். எங்கள் ஊருக்கும் அவன் ஊருக்குமாக ஓடுகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ராப் பாட்டுப் பாடுவான். செல்வியும் அவனும் சேர்ந்து கட்டிய பாட்டுத்தான் அன்றைக்கு மேடைக்கு வர வேண்டியது.

அனுப்பியது இவ்வளவுதான்: KATHIR ft SELVI. அளவு 8 ft 6 ft. கீழே, "ஒரு எழுத்துகூட இங்கிலீசுல வேண்டாம் அக்கா, கமிட்டில சொல்லிட்டாக."

கமிட்டி என்றால் பெருமாள் அண்ணாச்சி. போன வருஷம் வரவேற்பு பேனரில் யாரோ ஆங்கிலத்தில் எழுதி, அதில் ஓர் எழுத்து விட்டுப்போய், வெளியூர்க்காரர்கள் சிரித்ததிலிருந்து அவர் போட்ட சட்டம் அது.

ஆக எனக்கு மூன்று ft. மூன்றையும் அடியாக்கினேன். பெயர்களுக்கு நடுவில் இருந்ததற்கு மட்டும் முன்னால் எண் இல்லை. செத்த நேரம் யோசித்தேன். பாட்டுக்காரப் பிள்ளைகள், தாளத்துக்கு விழுகிற அடியாக இருக்கும். பாட்டிலும் முதல் அடி, இரண்டாம் அடி என்று உண்டு. சாமியின் பாதத்தையும் அடி என்றுதானே கும்பிடுகிறோம். கோயிலுக்கு ஏற்ற மாதிரி என்னமாய் எழுதியிருக்கிறான் பிள்ளை என்று மனசு நிறைந்துதான் தட்டினேன்.

சரிபார்க்கச் சொல்லிக் கதிருக்குப் படம் அனுப்பினேன். பஸ்ஸில் கூட்டம் போலிருக்கிறது, பதிலாக ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

ரோல் அறை

அந்தப் பாட்டு பிறந்ததும் எங்கள் கடையில்தான்.

கடைக்குப் பின்னால் பிளெக்ஸ் ரோல்களை அடுக்கும் அறை ஒன்று இருக்கிறது. நான்கு பக்கமும் ரோல் நிற்பதால் உள்ளே பேசினால் எதிரொலி இருக்காது. கதவைச் சாத்திவிட்டால் ரோட்டுச் சத்தமும் வராது. செல்வி பேண்டேஜ் துணி யூனிட்டில் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் முடிந்ததும் நேராக இங்கே வந்து, அந்த அறைக்குள் போனை வாயருகே பிடித்துக்கொண்டு பாடுவாள்.

முதல் நாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டபோது, பிள்ளை யாரிடமோ சண்டை போடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"இது பாட்டா செல்வி? மூச்சே விடாமப் பேசுத?"

"ராப் பெரியம்மா. மூச்சுவிட எடம் வச்சுத்தான் எழுதியிருக்கோம்."

"கெட்ட வார்த்தை இருக்கா?"

"ஒண்ணு இருந்துச்சு. ஒங்க கடையில பாடுதேன்னு சொன்னதும் கதிர் எடுத்துட்டான்."

அப்போதே அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்தது.

பாட்டுக்குப் பெயர் 'கட்டு'. அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவள் செல்வி. இவள் வேலை காயத்துக்குக் கட்டு. அவன் கையில் டிக்கெட் கட்டு. அதிலிருந்து இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாக எழுதினார்கள். அவனுக்கு நேரம் கிடைக்கும்போது இவளுக்கு வேலை, இவள் வரும்போது அவன் பஸ்ஸில். அதனால் ஒன்றாக நின்று ஒருநாளும் பாடியதில்லை. அவன் டிரிப் இடைவெளியில் பாடி அனுப்புவான். அவன் குரலுக்குப் பின்னால் பஸ் உறுமிக்கொண்டிருக்கும். இவள் அதைக் கேட்டு, ரோல் அறையிலிருந்து தன் பங்கைப் பாடி அனுப்புவாள்.

அவன் பாடுவான்:

"நிக்க எடம் இல்லேன்னாலும் நெஞ்சுல எடம் இருக்கு,
கையில டிக்கெட் கட்டு, கட்டுக்குள்ள ஊரு இருக்கு."

'ஊரு' என்று அவன் கொண்டுவந்த சொல்லை இவள் பிடித்துக்கொள்வாள்:

"ஊருக் காயம் கட்டத்தானே துணி நெய்யிறோம்,
எங்க வெரலு கிழிஞ்சுபோனா வாயில வச்சு நிக்கிறோம்."

பேனர் ஓரத்தில் கயிறு கோக்கும் ஐலெட் வளையம் அடித்துக்கொண்டிருந்த நான் கையை நிறுத்திவிட்டேன். எத்தனையோ பக்திப் பாட்டுக் கேட்டு அழுதிருக்கிறேன். இப்படிப் படபடவென்று பேசுகிற பாட்டு கண்ணில் நீரை வரவழைக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூச்சு வாங்கும் இடம்

அதற்குப் பிறகு செல்வியின் போனிலிருந்து நிறையக் கேட்டேன். பெயர் தெரியாத பிள்ளைகள். இப்போதுதான் தலையெடுக்கிறார்கள். தனியாகப் பாடுவதைவிட இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து பாடுகிற பாட்டுகள்தான் எனக்குப் பிடித்தன.

ஒரு பாட்டில் கடலோரத்துப் பையன் ஒருவன் உப்பளத்தைப் பற்றிப் பாடிவிட்டு 'உப்பு' என்று முடிக்கிறான். எங்கோ மலையடிவாரத்துப் பிள்ளை ஒருத்தி அதே உப்பில் ஆரம்பித்து அவள் வீட்டுக் கஞ்சிக்கு வந்துவிடுகிறாள். இவர்கள் நேரில் பார்த்தார்களோ என்னவோ. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் தரையில் விழாமல் வாங்கிக்கொள்கிறார்கள். தன் பங்கு முடிந்ததும் ஒதுங்கி நிற்கவும் தெரிகிறது.

புரட்டாசிச் சனிக்கிழமை பஜனையில் நானும் பக்கத்து வீட்டு ருக்மணியும் சேர்ந்துதான் பாடுவோம். அவள் தெலுங்கு பேசுகிற வீட்டுக்காரி, நல்ல குரல். ஆனால் அவளுக்கு இளைப்பு உண்டு. அடி முடிகிற இடத்தில் மூச்சு அறுந்துவிடும். அவள் மூச்சு வாங்குகிற நேரத்தில் கடைசிச் சொல்லை நான் பிடித்துக்கொள்வேன். கேட்கிறவர்களுக்கு ஒரே ஆள் பாடுகிற மாதிரி இருக்கும். "ஒரு நா நீ பிடிக்காமப் போனா நான் சாமி முன்னாடியே முழிச்சிக்கிட்டு நிப்பேன்," என்பாள் ருக்மணி.

ராப் என்ற பெயரைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், எனக்கு அதில் கேட்டது இதுதான்.

செல்வி ஒரு வாரமாக ரோல் அறைக்கு வரவில்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை என்பது பேனர் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

"பெறவென்னப்பா, அங்குலமா?"

முதலில் வந்தவர் பெருமாள் அண்ணாச்சி.

"ஏம்மா, கோயில் வாசல்ல பொம்பளப் பிள்ளைய அடிக்கச் சொல்லி போர்டு வைப்பியளா?"

நான் பதில் தேடுவதற்குள் கதிர் வந்துவிட்டான். மத்தியானத்துக்கு மேல் லீவு போட்டிருந்தவன், காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. மேலே பார்த்தான். முகம் தொங்கிப்போயிற்று.

"அக்கா... ft-ன்னா அடி இல்லக்கா."

"அடி இல்லாமப் பெறவென்னப்பா, அங்குலமா?"

தெரு மறுபடி சிரித்தது. அவன் தலையைச் சொறிந்தான். "பாட்டுல அதுக்கு வேற அர்த்தம். கூடப் பாடுறவுகன்னு..."

"கூடப் பாடுறவுக இல்ல பெரியம்மா. விருந்தாளின்னு அர்த்தம்."

பின்னால் செல்வி. யாரோ பேனரைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பிவிட்டிருக்கிறார்கள். யூனிட்டிலிருந்து பாதியில் வந்திருக்கிறாள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"மொத பேரு யாருதோ, பாட்டு அவுகளுது. ft-க்குப் பின்னால இருக்கது விருந்தாளி. போன வாரம் நெட்டுல பாட்ட இப்படித்தான் ஏத்தியிருக்கான். என் பாட்டுல நான் விருந்தாளி."

"ஏட்டி, ஏத்தும்போது மொதல்ல ஒரு பேருதான் கேக்குது. அக்கவுண்ட் எம்பேருல இருக்கு. நான் என்ன செய்ய?"

"கேட்டது போனு. நீ என்கிட்ட கேட்டியாலே?"

கதிர் காக்கிச் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"கட்டுங்கிற சொல்ல யாரு கொண்டாந்தா?"

"நீதான்."

"பெறவு நான் எப்படி விருந்தாளி?"

இந்த முறை தெரு சிரிக்கவில்லை.

நடுவில் என்ன போடுவது

அதற்குள் வீட்டுக்காரர் ஸ்டிக்கர் துண்டும் கத்தரியுமாக வந்து சேர்ந்தார். கரண்ட் இல்லாத நாள். மாதாமாதம் வருகிற பராமரிப்பு நிறுத்தம். சாயங்காலம்தான் வரும். புதிதாக அச்சடிக்க வழியில்லை.

"அடி மேல வெள்ளைத் துண்ட ஒட்டி மறைச்சிருவோம்," என்றார்.

"மறைச்சா கதிர், செல்வின்னு ரெண்டு பேரு மட்டும் நிக்கும்," என்றாள் பேச்சியம்மாள். "தாம்பூலம் எங்க, பந்தி எங்கன்னு வாரவுக கேப்பாக."

உண்மைதான். எங்கள் ஊரில் ஓர் ஆண் பெயரும் ஒரு பெண் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் பிளெக்ஸில் நின்றால் அது கல்யாணம்தான்.

"கதிரும் செல்வியும்னு கையால எழுதிருவமா?"

"அது மறுவீட்டு அழைப்பு," என்றான் ஏணிக்காரன்.

"கதிர் வழங்கும் செல்வி?" இது பெருமாள் அண்ணாச்சி.

"நான் என்ன பட்டாசுக் கட்டா அண்ணாச்சி, இவன் வழங்குறதுக்கு?" என்றாள் செல்வி.

இந்த நேரம் பார்த்து முத்து வந்தாள். அண்ணாந்து பார்த்தாள், ஸ்டிக்கரோடு நிற்கிற என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "என்ன அத்தான், எம்மக பேர ஏணியில ஏத்தி எறக்கிக்கிட்டு இருக்கீய?" என்றாள். பிறகு மகளிடம், "சாயங்காலம் பாடுதியா, இல்லையா?"

செல்வி தரையைப் பார்த்தாள். தாயே, இந்தப் பிள்ளை வாயிலிருந்து இல்லை என்ற சொல் வந்துவிடக் கூடாது என்று உள்ளே பார்த்துக் கும்பிட்டேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் முத்துவின் கண் கதிர் பக்கம் திரும்பியது. "நீதான் கதிரா? சாப்பிட்டியா தம்பி?"

"இல்லக்கா, வேணாம்."

"எங்க ஊருக்கு வந்துட்டு வெறும் வயித்தோட நிப்பியா? உள்ள வா. மொதப் பந்தி வெளியூர்க்காரகளுக்குத்தான்."

கோபத்தில் இருந்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்காமல் விட மாட்டாள் என் தங்கச்சி. அன்னதானப் பந்தியில் அவனைக் கொண்டுபோய் முதல் இலையில் உட்கார வைத்தாள். செல்வியின் கையில் சோற்று வாளியைக் கொடுத்தாள்.

நான் சாம்பார் வாளியோடு பின்னால் போனேன். செல்வி அவன் இலைக்கு முன்னால் நின்றாள். கரண்டியைச் சோற்றுக்குள் விட்டபடியே, "விருந்தாளிக்குப் போதுமா, இன்னும் வைக்கட்டா?" என்று கேட்டாள்.

அவன் நிமிர்ந்தான். சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். "வையி. இங்க நான்தான விருந்தாளி," என்றான். "ஒன்கிட்டக் கேட்டிருக்கணும் செல்வி. கேக்கல."

செல்வி கரண்டியோடு அப்படியே நின்றாள். அடுத்த இலைக்காரர், "ஏ பிள்ள, இங்கயும் பசிக்கி," என்றார். அவருக்கு வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அப்ப எங்க ஊருக்கு வந்தவன் பேரு முன்னால இருக்கட்டும். வந்தவுகளுக்குத்தான மொத எல. ஒங்க ஊருல பேனர் ஏறும்போது எம்பேரு முன்னால வரணும். போன்ல ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு அக்கவுண்ட் தொறக்கணும்."

"சரி."

"இம்புட்டுப் பேரு சாட்சி."

"சரிங்கேன். நடுவுல என்ன போட?"

செல்வி வாசல் பக்கம் பார்த்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "பெரியம்மா போட்டதுதான். அடி இருக்கட்டும். அதுல விருந்தாளி யாரும் இல்ல."

ஏறு

சாயங்காலம் கரண்ட் வந்து மேடை விளக்குகள் எரிந்தன. இரண்டு பேரும் மேலே ஏறியதும் முன்வரிசைப் பிள்ளைகள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். கதிர் மைக்கைப் பிடித்து, "நான் கதிரு," என்றான். கூட்டம் மொத்தமும், "அடி!" என்றது. எதில் போய் முடியுமோ என்று பயந்த என் பிழை, தாளம் மாதிரி வந்து விழுந்தது.

முதல் வரியில் ஒரு தடங்கல். தனித்தனியாகவே பாடிப் பழகியவர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் ஆரம்பித்து, இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் சலசலப்பு. பக்கத்தில் இருந்த முத்து என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

கதிர் அரை எட்டுப் பின்னால் நகர்ந்தான். பஸ் படியில் ஆளை ஏற்றிவிடுகிற மாதிரி கையை நீட்டி, "ஏறு," என்றான். செல்வி ஏறினாள். அதற்குப் பிறகு எங்கும் நிற்கவில்லை.

அவன் 'ஊரு' என்று விட, இவள் வாங்கினாள். விரல் கிழிகிற வரி வந்ததும் கூட்டத்தின் பின்பக்கம் ஒரு சத்தம். செல்வியோடு யூனிட்டில் வேலை பார்க்கிற பெண்கள். ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்கள். கைதட்டவில்லை, விரலை உயர்த்திக் காட்டினார்கள். சில விரல்களில் துணி சுற்றியிருந்தது.

பாட்டு முடிந்து எல்லோரும் விசில் அடித்தார்கள், பெருமாள் அண்ணாச்சி இன்னொரு தரம் பாடச் சொன்னார். செல்வி இறங்கி வந்து அம்மா முன்னால் நின்றாள். நல்லது, கெட்டது ஏதாவது ஒன்று வரும் என்று காத்திருந்தாள்.

முத்து மகளின் வலது கையை எடுத்தாள். விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் ஓரத்தில் பழைய வெட்டுகள் கோடு கோடாக இருந்தன.

"நெசமாவாட்டி? இத்தன நாளு வீட்டுல சொல்லலையே."

"சொன்னா வேலைக்கு விடமாட்டிய."

"பாட்டுல மட்டும் சொல்லுவியாக்கும்." முத்து மூக்கை உறிஞ்சினாள். "சரி. இன்னும் என்னென்ன இருக்கோ, எல்லாத்தையும் பாடு. நான் கேக்கேன்."

இன்னொரு ஆர்டர்

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கதிரிடமிருந்து தகவல் இல்லை. பந்தியில் சொன்ன வாக்கு சாப்பாட்டோடு போயிற்றோ என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தேகம். செல்வியிடம் கேட்கவும் மனசு வரவில்லை.

ஒருநாள் காலை விளக்கேற்றிவிட்டு உட்காரும்போது வாட்ஸ்அப் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் தெருவில் ஏதோ விழா. தமிழிலேயே எழுதியிருந்தான். 'செல்வி அடி கதிர். அளவு பத்துக்கு எட்டு அடி. ரெண்டு அடியையும் அடின்னே போடுங்க அக்கா.'

கோத்து முடித்தேன். வீட்டுக்காரர் ரோலை ஏற்றிவிட்டுத் திரையைக் குனிந்து பார்த்தார்.

"ஏட்டி, நல்லா வாசிச்சுட்டியா? இந்தத் தடவை அவ அவன அடிக்கப் போறா."

"வாசிச்சுட்டேன். ஓட்டுங்க."

மெஷின் ஓட ஆரம்பித்தது. முதலில் செல்வி, பிறகு அடி, பிறகு கதிர் என்று ஈர மையோடு வெளியே வந்தது. இடது மூலையில் இருந்த 'உ'வை மட்டும், என் வாழ்த்தாக இருக்கட்டும் என்று, அன்று நான் அழிக்கவில்லை.